பெட்ரோல் படாத வால்வு: வாசகர் கேள்வி, பட்டறை பதில்

போன இதழில் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, "டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சின் என்றால் கரி பிடிக்கத்தான் செய்யும்" என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லிவைத்தேன். பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சுகிற எஞ்சின் அது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பிடித்துக்கொண்டன. சுங்கை சிப்புட்டில் செம்பனை லோரிகளும் ஹைலக்ஸ்களும் நிற்கிற பட்டறை என்னுடையது. ஆனால் சனிக்கிழமை ஆனால் போதும், தாழ்ந்து தரையை உரசுகிற கார்களும் வாசலில் வரிசை கட்டும். தோட்டத்துப் பிள்ளைகள் சம்பாதிக்கிறார்கள், ரீகண்ட் கார் (வெளிநாட்டிலிருந்து வரும் பழைய கார்) வாங்குகிறார்கள், சந்தோஷம். சரி, கேள்விகளுக்குப் போவோம்.

*

2011 ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ வைத்திருக்கிறேன். காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரு நிமிடம் கார் குலுங்குகிறது, எஞ்சின் விளக்கு மினுக்குகிறது, அப்புறம் சரியாகிவிடுகிறது. ரோன் 97 பெட்ரோல் தவிர வேறு அடிப்பதில்லை. பெட்ரோல் நிலையத்தில் விற்கிற சுத்தம் செய்யும் புட்டியும் மாதம் ஒன்று ஊற்றுகிறேன். பிறகும் கரிதான் என்கிறார் ஃபோர்மன். எப்படி?
— ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வரும் வாசகர், சுங்கை சிப்புட்

தம்பி, நீங்கள் ஊற்றுகிற எதுவும் அந்தக் கரி இருக்கும் இடத்துக்குப் போவதே இல்லை.

பழைய எஞ்சின்களில் இன்ஜெக்டர் உட்காரும் இடம் காற்று வருகிற குழாய். அங்கிருந்து பீய்ச்சும் பெட்ரோல், காற்றை உள்ளே விடுகிற இன்டேக் வால்வின் முதுகில் பட்டுத்தான் சிலிண்டருக்குள் இறங்கும். பெட்ரோலில் கலந்திருக்கும் சுத்திகரிப்பு மருந்து போகிற வழியில் வால்வைக் கழுவிவிடும். உங்கள் ஜிடிஐயில் இன்ஜெக்டர் நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சுகிறது. சிக்கனம், சக்தி, டர்போவோடு (காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் விசிறி) ஒத்துப்போவது என்று அதற்கு நல்ல காரணங்கள் உண்டு. இது புது யோசனையும் இல்லை. 1954-லேயே மெர்சிடிஸ் 300 எஸ்எல் இப்படித்தான் ஓடியது, 1996-இல் மிட்சுபிஷி அதைச் சாதாரணக் கார்களுக்குக் கொண்டுவந்தது. ஒன்றே ஒன்றுதான் கெட்டது: இன்டேக் வால்வின் முதுகில் ஒரு சொட்டுப் பெட்ரோலும் படாது.

அப்படியென்றால் அங்கே என்ன படுகிறது? ஆயில். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு, எஞ்சினுக்குள் சுழலும் ஆயில் பனியையும் சேர்த்துக்கொண்டு மேலே வரும். அதை வெளியே விடக் கூடாது என்பது சட்டம். அதனால் பிசிவி என்ற வால்வு வழியாக அதைத் திரும்பவும் இன்டேக்கில் விட்டு எரிக்கிறார்கள். வால்வுத் தண்டின் சீலில் கசிவதும், டர்போவிலிருந்து வருவதும் அதோடு சேரும். எக்ஸாஸ்ட்டிலிருந்து கொஞ்சம் எரிந்த வாயுவும் பின்னால் வரும். இருநூறு டிகிரிக்கு மேல் சூடான உலோகத்தில் இவ்வளவும் படிந்து காய்ந்தால் என்ன ஆகும்? வருஷக்கணக்கில் எண்ணெய் விட்ட தோசைக்கல்லின் ஓரத்தைப் பாருங்கள். அதேதான்.

கரி ஏற ஏற, காற்று நுழையும் வழி குறுகிக் கோணலாகிறது. எஞ்சின் சூடாக இருக்கும்போது சமாளித்துவிடும். குளிர்ந்த எஞ்சினில் கலவை சரியாக அமைவதே கஷ்டம், அதில் காற்றும் கோணலாக வந்தால் ஒரு சிலிண்டர் எரியாமல் விடும். உங்கள் குலுக்கல் அதுதான். ஆனால் விளக்கு மினுக்குகிறது என்கிறீர்களே, அதை அலட்சியம் செய்யாதீர்கள். விளக்கு நிலையாக எரிந்தால் "பார்த்துக்கொள்" என்று அர்த்தம். மினுக்கினால், எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்ட்டில் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை வேகவைக்கிறது என்று அர்த்தம். கரி எடுக்கும் கூலியைவிட அது விலை அதிகம்.

ரோன் 97 பற்றி: அந்த எண், பெட்ரோல் அழுத்தத்தில் தானாகப் பற்றி எஞ்சினைத் தட்டவிடாமல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்கிறது. சுத்தத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. உங்கள் காருக்கு நல்ல பெட்ரோல் வேண்டும் என்பது சரி, அதற்காக 97 அடியுங்கள். கரிக்காக அடிக்கிறேன் என்றால் காசுதான் கரி.

புட்டி முழுக்க வீண் என்றும் சொல்லமாட்டேன். பாலிஈதர் அமீன் கலந்த நல்ல மருந்து இன்ஜெக்டர் மூக்கையும் பிஸ்டன் தலையையும் சுத்தமாக வைக்கும். அதற்கு மாதம் ஒன்று வேண்டாம். ஆயில் மாற்றுவதற்கு முந்தைய டேங்கில் ஒன்று போதும். ஏன் முந்தைய டேங்க் என்றால், மருந்தில் கொஞ்சம் ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலக்கும். ஆயிலோடு அதுவும் வெளியேறிவிடட்டும்.

இனி செய்ய வேண்டியது. கரி என்று முடிவு கட்டுவதற்கு முன், பொறி விடும் பிளக்கையும் அதற்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயிலையும் பாருங்கள். எந்தச் சிலிண்டர் மிஸ் ஆகிறதோ, அதன் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டால், கோளாறும் கூடவே நகர்கிறதா என்று தெரியும். நகர்ந்தால் காயில்தான். நகராமல், காலையில் மட்டும் வந்து சூட்டில் மறைந்தால், மேனிஃபோல்டை (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) கழற்றிக் கண்ணால் பார்க்க வேண்டியதுதான். சின்னக் கேமரா உள்ளே விட்டுப் பார்க்காமல் "கரி எடுக்க வேண்டும்" என்று சொல்லும் ஆளிடம் காரை விடாதீர்கள்.

எடுக்கும் முறை: வால்நட் கொட்டையின் மேலோட்டைப் பொடியாக்கி, காற்றழுத்தத்தில் அடிப்பது. ஓட்டுப் பொடி கரியை உடைக்கும் அளவுக்குக் கடினம், உலோகத்தைக் கீறாத அளவுக்கு மென்மை. கிராங்க் புல்லியில் சாக்கெட் வைத்துக் கையால் எஞ்சினைச் சுற்றி, அந்தச் சிலிண்டரின் இரண்டு இன்டேக் வால்வும் மூடியிருக்கும் நிலைக்குக் கொண்டுவருவோம். காற்று நுழையும் துளையின் வாயில் ஒரு அடாப்டர், அதில் ஒரு பக்கம் வேக்குவம் குழாய், இன்னொரு பக்கம் துப்பாக்கி. சில விநாடி அடிப்போம், நிறுத்தி டார்ச் அடித்துப் பார்ப்போம், மூலையில் ஒட்டியிருப்பதைக் கம்பியால் சுரண்டுவோம், திரும்ப அடிப்போம். முதலில் வால்வுத் தண்டு எது, கரி எது என்றே தெரியாது. தண்டைச் சுற்றி கறுப்பாக ஒரு கட்டி, மேலே ஈரமாகப் பளபளக்கும், விரலால் தொட்டால் ஒட்டும். கடைசியில் தண்டு மெலிதாகச் சாம்பல் நிறத்தில் வெளியே வரும். உங்கள் எஞ்சினில் மேனிஃபோல்டை இழுக்கும்போது இன்ஜெக்டரும் கூடவே வந்துவிடலாம். அதன் டெஃப்லான் சீலைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

எடுத்தாயிற்று, திரும்ப வராமல் இருக்க? எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். மூடி பிடித்து இழுத்தாற்போல் கனமாக ஒட்டிக்கொண்டாலோ, விசில் மாதிரிச் சத்தம் கேட்டாலோ பிசிவியின் ரப்பர் கிழிந்திருக்கிறது. உங்கள் மாடலில் இது சகஜம். அதை மாற்றாமல் கரியை மட்டும் எடுப்பது, ஒழுகும் கூரையை விட்டுவிட்டுத் தரையைத் துடைக்கிற வேலை. ஃபோக்ஸ்வாகன்காரர்களே இதை உணர்ந்துதான், அடுத்த தலைமுறை எஞ்சினில் சில நாடுகளுக்கான கார்களுக்கு மேனிஃபோல்டிலும் ஒரு இன்ஜெக்டர் வைத்துவிட்டார்கள்.

*

எனக்குக் கார் விஷயம் தெரியாது. மகன் டொயோட்டா 86 வாங்கியிருக்கிறான். "கேட்ச் கேன்" என்று ஒன்று போட்டால்தான் கரி பிடிக்காதாம், காசு கேட்கிறான். உண்மையிலேயே வேண்டுமா, அலங்காரமா?
— ஓர் அம்மா, காமுனிங் பக்கம்

அம்மா, மகன் பொய் சொல்லவில்லை. ஆனால் அவசரப்படுகிறார்.

கேட்ச் கேன் என்பது ஒரு டப்பா. மேலே சொன்ன ஆயில் பனி இன்டேக்குக்குப் போகும் வழியில் அதைப் பிடித்து, ஆயிலைக் கீழே தேக்கி, காற்றை மட்டும் அனுப்பும். உள்ளே நல்ல தடுப்போ கம்பிவலையோ இருந்தால் வேலை செய்யும். வெறும் பளபளப்பான வெற்று டப்பாவாக இருந்தால் வராந்தாவில் பூச்சட்டியாக வைக்கலாம். இணையத்தில் மலிவாக விற்பதில் பெரும்பாலானது இரண்டாவது வகை.

ஆனால் அவர் வாங்கியிருக்கும் காருக்கு அது அவ்வளவு அவசியம் இல்லை. 86-இல் இருப்பது சுபாருவின் 2.0 லிட்டர் பாக்ஸர் எஞ்சின், அதில் டொயோட்டாவின் டி-4எஸ் என்ற ஏற்பாடு. ஒரு சிலிண்டருக்கு இரண்டு இன்ஜெக்டர்: ஒன்று உள்ளே, ஒன்று காற்றுக் குழாயில். மெதுவாக ஓடும்போது இரண்டும் பங்குபோட்டுக்கொள்ளும், அதனால் வால்வு அவ்வப்போது கழுவப்படுகிறது. 2005-லேயே லெக்சஸில் டொயோட்டா இதைக் கொண்டுவந்தது. நேரடி இன்ஜெக்‌ஷன் போட்ட மற்ற கார்க்காரர்கள் மேனிஃபோல்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது டி-4எஸ் வைத்திருந்தவர்களுக்கு அந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை.

காசு கொடுக்கத்தான் வேண்டும் என்றால் வேறு ஒன்றுக்குக் கொடுங்கள். 2012, 2013 வாக்கில் தயாரான 86 கார்களில் வால்வு ஸ்பிரிங் உடையலாம் என்று 2018 கடைசியில் திரும்ப அழைத்தார்கள். மகனுடைய கார் அந்தக் காலத்தது என்றால், அந்த வேலை முடிந்ததா என்று சேசிஸ் எண்ணை வைத்து டொயோட்டா சர்வீஸ் நிலையத்தில் கேட்கச் சொல்லுங்கள். ஜப்பானிலிருந்து வந்த ரீகண்ட் காராக இருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும். ஸ்பிரிங் உடைந்தால் எஞ்சினே போய்விடும்.

மகன் கேட்காமல் டப்பாவைப் போட்டுவிட்டால், குழாயைத் திரும்ப இன்டேக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். வெளியே புகைவிடுகிற மாதிரி விட்டால் நாற்றமும் வரும், வாகனப் பரிசோதனை செய்யும் புஸ்பகோமில் வம்பும் வரும். நம் ஊர் ஈரக் காற்றில் டப்பாவின் அடியில் தண்ணீரும் ஆயிலும் சேர்ந்து பால் மாதிரி வெளுத்து நிற்கும், எஞ்சினுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஆனால் வடித்துக்கொண்டே இருக்க வேண்டும். டப்பா நிரம்பினால் தேங்கியது மொத்தமாக ஒரே மூச்சில் எஞ்சினுக்குள் போகும். உங்கள் மகன் துவைத்த துணியை மடித்து வைக்கிற பிள்ளையா, குவித்து வைக்கிற பிள்ளையா என்று உங்களுக்குத்தான் தெரியும். குவிக்கிறவர் என்றால் வேண்டாம் என்றே சொல்லிவிடுங்கள்.

*

ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். ஆசைக்கு வாங்கிய மாஸ்டா ஆர்எக்ஸ்-8 இருக்கிறது. அதிகம் ஓட்டுவதில்லை, ஞாயிறு காலை போர்ச்சிலிருந்து வெளியே எடுத்துக் கழுவி மறுபடி உள்ளே விடுவேன். பொத்திப் பொத்தித்தான் வைத்திருக்கிறேன். அண்மையில் சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது.
— மகாத்மா காந்தி கலாசாலைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்

சார், கோபித்துக்கொள்ளக் கூடாது. பொத்தி வைப்பதுதான் அந்தக் காரைக் கெடுக்கிறது.

உங்கள் காரில் பிஸ்டன், வால்வு ஒன்றும் கிடையாது. முக்கோண வடிவ ரோட்டர் இரண்டு, ஒவ்வொன்றும் 654 சிசி, ஒரு கூட்டுக்குள் சுழல்கின்றன. ரோட்டரின் மூன்று முனையிலும் சீல், பக்கவாட்டிலும் சீல். அந்தச் சீல்கள் தேயாமல் இருக்க, எஞ்சினே கொஞ்சம் ஆயிலை அறைக்குள் சொட்டவிட்டு எரிக்கும். அது அப்படித்தான் படைக்கப்பட்டது. ஆகவே கரி இங்கே நோய் இல்லை, இயல்பு. அதை எரித்துத் தள்ள வேண்டியது ஓட்டுகிறவர் கடமை. சூடும் வேகமும் இல்லாமல் போனால், கரி சீலின் பள்ளத்தில் இறங்கி அதை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். சீல் ஒட்டினால் கம்ப்ரெஷன், அதாவது அறைக்குள் கலவையை அமுக்கும் அழுத்தம், குறையும். கம்ப்ரெஷன் குறைந்தால் முதலில் தெரிவது நீங்கள் சொன்ன அதே அறிகுறி: சூட்டில் ஸ்டார்ட் ஆகாது.

ஞாயிற்றுக்கிழமைக் கழுவலுக்கு வருவோம். குளிர்ந்த ரோட்டரி எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பத்தடி நகர்த்தி, உடனே அணைப்பதைவிடப் பெரிய கொடுமை அதற்கு வேறு இல்லை. குளிரில் அது பெட்ரோலை வாரி இறைக்கும். எரிவதற்குள் நீங்கள் அணைத்துவிட்டால் அந்தப் பெட்ரோல் உள்ளேயே நின்று பிளக்கை நனைக்கும், சீலில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும். அடுத்த தடவை சாவியைத் திருப்பினால் கிரகிரவென்று சுற்றும், பிடிக்காது. அப்படி ஆனால் ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். அந்த நிலையில் எஞ்சின் பெட்ரோலை நிறுத்திவிடும், உள்ளே நிற்பது காய்ந்து வெளியேறும்.

கழுவ வேண்டுமென்றால் நியூட்ரலில் போட்டுத் தள்ளிக்கொண்டு வாருங்கள், பேரப்பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். ஸ்டார்ட் செய்தால் சூடு காட்டும் ஊசி நடுவுக்கு வரும்வரை ஓட்டுங்கள். கோலகங்சார் வரை பழைய சாலையில் போய், ஆற்றங்கரையில் ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, பாதுகாப்பான இடத்தில், இரண்டாம் கியரில் சிவப்புக் கோடு பக்கம் வரை ஒருமுறை இழுங்கள். மேனுவல் என்றால் நிமிடத்துக்கு 9,000 சுழற்சி (ஆர்பிஎம்), பழைய ஆட்டோ என்றால் 7,500. மற்ற கார்க்காரரிடம் இதைச் சொல்லமாட்டேன், உங்களிடம் சொல்கிறேன்.

அப்புறம் ஆயில் அளவுக் கம்பியை அடிக்கடி பாருங்கள், இந்தக் கார் ஆயில் தின்னும். சிலர் பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கொஞ்சம் கலப்பார்கள். அது எஞ்சின் ஆயிலைவிடச் சுத்தமாக எரியும் என்பதால் நானும் அதை ஆதரிக்கிறவன்தான், 200-க்கு ஒரு பங்குக்கு மேல் போகாமல். தோட்டத்தில் புல்வெட்டும் மெஷினுக்கு ஊற்றுகிற மலிவுச் சரக்கை மட்டும் கொண்டுவந்து ஊற்றிவிடாதீர்கள்.

இவ்வளவும் இனிமேலுக்கு. இப்போதைய அடத்துக்கு, ரோட்டரிக்கென்றே உள்ள கம்ப்ரெஷன் மீட்டர் வைத்திருக்கும் பட்டறைக்குப் போங்கள். சாதாரண மீட்டர் மூன்று பக்கத்தையும் தனித்தனியாகக் காட்டாது. நாலு பிளக்கும் காயில்களும் பழசு என்றால் அதையும் மாற்றிப் பாருங்கள், சில சமயம் அதோடு முடிந்துவிடும்.

*

என்னுடையது புரோட்டான் சத்ரியா ஜிடிஐ. நண்பர்கள் வால்நட் அடிக்கிறார்கள், நானும் அடிக்கட்டுமா?
— ஒரு வாசகர், சாலாக் நோர்த்

வேண்டாம். உங்கள் 4ஜி93 எஞ்சினில் இன்ஜெக்டர் காற்றுக் குழாயில்தான் இருக்கிறது, வால்வை அது தினமும் கழுவிக்கொண்டிருக்கிறது. மேலே கோல்ஃப் ஜிடிஐ தம்பியின் வால்வுக்குப் போய்ச் சேராது என்று சொன்ன புட்டி உங்களுக்குத்தான் முழுப் பயன் தரும். இரண்டு காருக்கும் ஒரே பெயர், வைத்தியம் வேறு. ஐடிலில் (கார் நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும்போது) ஆர்பிஎம் ஊசி ஏறி இறங்கினால், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் திராட்டல் பாடியைக் கழற்றித் துடையுங்கள், ஐடில் வால்வைச் சுத்தம் செய்யுங்கள், பிசிவி குழாய் வெடித்திருக்கிறதா பாருங்கள். இத்தனை வருஷத்தில் அந்த ரப்பர் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். கெடாமல் இருக்கும் சத்ரியா ஜிடிஐகள் குறைந்துகொண்டே வருகின்றன. விற்க நினைத்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள்.

*

வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் விரட்டினால் கரியெல்லாம் பறந்துவிடும் என்கிறார்கள். என் மாஸ்டா எம்எக்ஸ்-5-க்கு (2017) இது பொருந்துமா?
— ஒரு வாசகர், கோலகங்சார்

பாதி பொருந்தும். நன்றாகச் சூடாகி, ஆர்பிஎம் உயர்ந்து ஓடும் எஞ்சினில் பிஸ்டன் தலையிலும் அறையிலும் இருக்கும் மென்மையான கரி எரிந்து போகும். இன்ஜெக்டர் மூக்குக்கும் நல்லது. ஆனால் வால்வின் முதுகில் ஏற்கெனவே இறுகிப்போனது நீங்கள் எவ்வளவு விரட்டினாலும் அசையாது. உங்களுடையதும் நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சின்தான். புதிதாகப் படிவதைக் குறைக்க மட்டும் இது உதவும்.

விரட்டுவது என்றவுடன் எல்லோரும் வேகத்தை நினைக்கிறார்கள். எஞ்சினுக்கு வேண்டியது சுழற்சி, சாலையில் வேகம் இல்லை. ஈப்போ பக்கமிருந்து வீட்டுக்குத் திரும்பும்போது மெனோரா சுரங்கம் வரை மேடு ஏறுகிறதே, அங்கே ஆறாம் கியரில் முக்கிக்கொண்டு ஏறாமல் மூன்றிலோ நாலிலோ போட்டு, 4,000 பக்கம் வைத்து நிதானமாக ஏறுங்கள். வேக வரம்பையும் தாண்ட வேண்டாம், கேமராவுக்கும் பயப்பட வேண்டாம். அந்த மேட்டில் எஞ்சினுக்குப் பாரமும் இருக்கிறது, சூடும் இருக்கிறது. தட்டையான சாலையில் பறப்பதைவிட இது மேல். அதற்கு முன் பதினைந்து நிமிடமாவது சாதாரணமாக ஓட்டியிருக்க வேண்டும். தண்ணீர் ஊசி நடுவுக்கு வந்தாலும் ஆயில் சூடாக இன்னும் நேரம் எடுக்கும்.

தாழ்ந்த ஆர்பிஎம்மில் உயர்ந்த கியரைப் போட்டு ஆக்சிலேட்டரை அமுக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். டர்போ கார் வைத்திருப்பவர்களுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்வேன். பிளக் பொறி விடுவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொண்டு பிஸ்டனையே உடைத்துவிடும்.

*

2008 மினி கூப்பர் எஸ் ஓட்டுகிறேன். வீட்டிலிருந்து தோட்ட அலுவலகம் நாலு கிலோமீட்டர், பாதி செம்மண் சாலை. ஒருமுறை கரி எடுத்தாகிவிட்டது. திரும்ப வராமல் இருக்க எந்த ஆயில் ஊற்றலாம், எத்தனை கிலோமீட்டருக்கு மாற்றலாம்?
— தோட்ட அலுவலகக் கிராணி ஒருவர், சுங்கை சிப்புட்

தங்கச்சி, இந்த மாதம் வந்ததிலேயே நல்ல கேள்வி உங்களுடையதுதான். கரி எடுக்கும் வழியை எல்லோரும் கேட்கிறார்கள், வராமல் இருக்க வழி கேட்டது நீங்கள் ஒருவர்.

உங்கள் காரில் இருப்பது என்14 என்ற எஞ்சின். கரிக்குப் பேர் போனது, ஆயில் குடிப்பதற்கும் பேர் போனது, இரண்டும் ஒன்றுக்கொன்று உறவு. குடிக்கிற ஆயிலில் ஒரு பகுதி வால்வில்தானே போய் உட்காருகிறது. ஆகவே முதல் வேலை, கம்பியை எடுத்து அளவு பார்ப்பது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சமதரையில் நிறுத்திப் பாருங்கள். அளவு கீழே போனால் டைமிங் செயின் இழுப்பானும் தளர்ந்து, காலையில் கரகரவென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டால் கரியை மறந்துவிட்டு நேரே பட்டறைக்கு வாருங்கள்.

ஆயில் வாங்கும்போது புட்டியின் முன்பக்க அலங்காரத்தைப் படிக்காமல் பின்பக்கத்தைப் படியுங்கள். உங்கள் காரின் கையேட்டில், மினியைத் தயாரிக்கும் பிஎம்டபிள்யூ என்ன தர எண்ணைக் கேட்கிறதோ அது அங்கே இருக்க வேண்டும். அதற்கு மேல் நான் பார்ப்பது ஆயிலின் ஆவியாகும் தன்மை. நோவாக் என்ற சோதனையில் ஆயிலை 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, எவ்வளவு எடை ஆவியாகப் போனது என்று பார்ப்பார்கள். அமெரிக்கத் தரம் 15 சதவீதம் வரை அனுமதிக்கிறது, ஐரோப்பாவின் ஏ3/பி4 தரம் 13-க்கு மேல் விடாது. ஆவியாவது குறைந்தால் பிசிவி வழியாக வால்வுக்குப் போவதும் குறையும். இந்த எண்ணைப் புட்டியில் அச்சடிக்கமாட்டார்கள், தயாரிப்பாளரின் தகவல் தாளில் தேடினால் கிடைக்கும். முழு சிந்தெடிக் மட்டும் வாங்குங்கள். விலை நம்ப முடியாத அளவுக்கு மலிவாக இருந்தால் நம்பாதீர்கள், போலி ஆயில் சந்தையில் தாராளமாக இருக்கிறது.

எத்தனை கிலோமீட்டர் என்றால், உங்கள் ஓட்டத்துக்கு கிலோமீட்டரைப் பார்க்கவே கூடாது. நாலு கிலோமீட்டரில் ஆயில் சூடாகாது. சூடாகாத ஆயிலில் பெட்ரோலும் தண்ணீரும் கலந்து அப்படியே தங்கும், பிறகு அதுவே ஆவியாகி மேலே வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், ஓடியது 3,000 கிலோமீட்டர்தான் என்றாலும் சரி. வாரத்தில் ஒருநாள் ஈப்போ வரை போய்வாருங்கள், சாமான் வாங்கின மாதிரியும் ஆகும், எஞ்சின் காய்ந்த மாதிரியும் ஆகும்.

செம்மண் சாலைக்கு ஏர் ஃபில்டரைச் சீக்கிரம் மாற்ற வேண்டும். காற்று கூடுதலாக வரும் என்று எண்ணெய் தடவிய துணி ஃபில்டர் யாராவது சிபாரிசு செய்தால் மறுத்துவிடுங்கள். அந்த எண்ணெய் கொஞ்சம் அதிகமானாலும் காற்று சென்சாரில் படியும், இன்டேக்கிலும் படியும். உள்ளே போகும் எண்ணெயைக் குறைக்கத்தானே இவ்வளவு பாடு.

*

தோட்டத்து லோரி கொட்டகையில் பெரிய கம்ப்ரசர் இருக்கிறது. வால்நட் பொடி ஆன்லைனில் வாங்கி நானே அடித்துக்கொள்ளலாமா? இல்லையென்றால் ஸ்பிரே அடித்துக் கரைக்கலாமா?
— ஒரு வாசகர், லிந்தாங்

ஸ்பிரே முதலில். எஞ்சின் ஓடும்போது காற்றுக் குழாயில் அடிக்கும் ஸ்பிரே, புதுக் காரில் லேசாகப் படிந்ததை மெதுவாக்கலாம். இறுகிய கரியில் அது மேல்தோலை மட்டும் நனைக்கும். டர்போ காரில் நான் அதை அடிக்கவே மாட்டேன். பெயர்ந்து வரும் துண்டு டர்போ இறக்கையில் போய் மோதும்.

வால்நட் நீங்களே அடிக்கலாம், கை பழகியிருந்தால். கொட்டகைக் கம்ப்ரசரில் தண்ணீர் தேங்கியிருக்கும், டேங்கை வடித்துவிட்டு, குழாயில் ஈரம் பிடிக்கும் ஃபில்டர் மாட்டுங்கள். இல்லையென்றால் பொடி களியாகித் துப்பாக்கியில் அடைத்துக்கொள்ளும். பொடியில்லாமல் அடாப்டரை மட்டும் பொருத்தி வேக்குவம் இழுக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் வால்வு முழுசாக மூடியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்காமல் துப்பாக்கியைத் தொடக் கூடாது; அடிக்காத துளைகளைத் துணியால் அடைத்து, எத்தனை துணி என்று எண்ணி எழுதிவையுங்கள். கண்ணாடியும் முகமூடியும் போடுங்கள். வால்நட் ஒவ்வாமை உள்ளவர் கிட்டேயே வரக் கூடாது. மேனிஃபோல்ட் கேஸ்கெட்டைக் கழற்றுவதற்கு முன்பே புதிதாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஈப்போவில் இருப்பு இல்லை என்றால் கோலாலம்பூரிலிருந்து வர நாளாகும், அதுவரை உங்கள் கார் லோரி கொட்டகையில்தான் நிற்கும்.